அம்மாவின் மரணம் எந்தக் கணக்கில் வரும்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. 16 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், ரத்த அழுத்தமும் உண்டு. கோவிட் அலையின்போது காய்ச்சல் வந்தது, பரிசோதனையில் தொற்று உறுதியானது. மருத்துவமனையில் நிமோனியா முற்றி, கடைசி 6 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். காய்ச்சல் தொடங்கிய 21-ஆம் நாள் இறந்துபோனார். அதற்கு 2 நாள் முன்பு எடுத்த பரிசோதனை 'நெகட்டிவ்'. மருத்துவமனை கொடுத்த சான்றில் காரணம், 'இதயமும் சுவாசமும் நின்றுவிட்டன' என்று ஒரே வரி. அம்மா பெருந்தொற்றுக் கணக்கில் வந்தாரா? உறவினர்களில் ஒரு சாரார், 'எதில் செத்தாலும் கொரோனா என்று எழுதிக் கணக்கை ஏற்றிவிட்டார்கள்' என்கிறார்கள். இன்னொரு சாரார், 'பாதிக்கு மேல் மறைத்துவிட்டார்கள்' என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: அம்மாவை இழந்த துயரத்தோடு இந்தக் கேள்வியையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியுள்ள விவரங்களின்படி, உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் இது கோவிட் மரணம்தான். சர்க்கரை நோய் இருந்ததோ, கடைசிப் பரிசோதனை நெகட்டிவ் ஆனதோ இதை மாற்றாது. ஆனால் சான்றில் கோவிட் என்ற சொல்லே இல்லாததால், இறப்புப் பதிவின் வழியாக வரும் காரணவாரிக் கணக்கில் அவர் கோவிட் மரணமாக ஏறியிருக்க வழியில்லை. மருத்துவமனை அன்றாடம் சுகாதாரத் துறைக்கு அனுப்பிய பட்டியலில் ஏறியிருக்கலாம், விடுபட்டும் இருக்கலாம். மரணம் பதிவாகியிருந்தால், வழக்கத்தைவிட எத்தனை பேர் அதிகமாக இறந்தார்கள் என்று பார்க்கும் மூன்றாவது கணக்கான 'கூடுதல் இறப்பு' கணக்கில் மட்டும் அவர் கட்டாயம் இருப்பார்.

ஒரே மரணம் ஒரு கணக்கில் இருந்து, இன்னொன்றில் இல்லாமல், மூன்றாவதில் பெயரில்லாத ஓர் எண்ணாக இருக்க முடியும். உங்கள் உறவினர்கள் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, தினசரி அறிக்கை. மாலைச் செய்தியில் 'இன்று இத்தனை பேர் பலி' என்று வந்த எண் இது. மருத்துவமனை தன்னிடம் நடந்த மரணங்களை மாவட்ட அளவிலான சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கே பெயர், வயது, முகவரி, பரிசோதனை எண் ஆகியவற்றை ஒப்பிட்டு, இரட்டைப் பதிவுகளை நீக்கி, மேல் அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். படுக்கைகள் எங்கே தீர்ந்துகொண்டிருக்கின்றன, ஆக்சிஜன் எங்கே அனுப்ப வேண்டும், அலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை உடனுக்குடன் அறிய உருவான ஏற்பாடு இது. எனவே வேகம்தான் இதற்கு முக்கியம். வேகத்துக்காக எளிய விதி ஒன்று வைப்பார்கள்: ஆய்வகத்தில் உறுதியான தொற்று இருக்க வேண்டும். பல நாடுகளில் மருத்துவமனையில் நடந்த மரணமாகவும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது.

இந்த விதியிலிருந்து யார் விடுபடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பரிசோதனைக் கருவி கிடைக்காத முதல் மாதங்களில் இறந்தவர்கள், வீட்டிலும் முதியோர் இல்லத்திலும் இறந்தவர்கள், ஆம்புலன்ஸில் உயிர் பிரிந்தவர்கள், மாதிரி எடுத்து முடிவு வருவதற்குள் போனவர்கள். உங்கள் அம்மாவைப்போல் கடைசியில் நெகட்டிவ் ஆனவர்களும், ஒரு மருத்துவமனை பட்டியலைத் தவறாகப் பராமரித்தால் 'குணமானவர்' வரிசைக்குப் போய்விடுவார்கள். மூன்று வார நோயில் தொண்டையிலிருந்து வைரஸ் மறைந்துவிடுவது சாதாரணம். வைரஸ் போனபின்னும் நுரையீரலில் அது செய்த சேதம் அப்படியே இருக்கும், ஆளைக் கொல்லவும் செய்யும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை நெகட்டிவ் முடிவைப் பற்றிப் பேசுவதில்லை. நோய்க்கும் மரணத்துக்கும் நடுவே முழுமையாகக் குணமடைந்த இடைவெளி இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. வென்டிலேட்டரில் இருந்தவருக்கு அப்படி ஓர் இடைவெளி இருந்ததாக யாரும் சொல்ல முடியாது.

இந்தத் தினசரிக் கணக்கின் விதி நாட்டுக்கு நாடு மாறியது. ஒரே நாட்டிலும் நடுவழியில் மாறியது. இங்கிலாந்தில் 2020 ஆகஸ்ட் வரை, ஒருவருக்கு எப்போதாவது பாசிட்டிவ் வந்திருந்தால், பிறகு எதனால் இறந்தாலும் பட்டியலில் சேர்த்தார்கள். மார்ச்சில் தொற்று வந்து குணமாகி, ஜூலையில் பேருந்து மோதி இறந்தவரும் அதில் வருவார். ஆகஸ்ட் 12 அன்று, பாசிட்டிவ் வந்து 28 நாளுக்குள் இறந்தவர்கள் மட்டும் என்று விதியை மாற்றினார்கள். ஒரே நாளில் பிரிட்டனின் மொத்த எண்ணிக்கை 46,706-லிருந்து 41,329 ஆகக் குறைந்தது. 5,377 மரணங்கள் விதி மாற்றத்தால் மட்டும் பட்டியலைவிட்டு வெளியேறின. 28 நாள் என்பதும் வசதிக்காகப் போட்ட கோடுதான். தீவிர சிகிச்சையில் 35 நாள் போராடி இறந்தவர் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பார்.

பெல்ஜியம் நேர் எதிர்ப் பக்கத்தில் நின்றது. முதியோர் இல்லங்களில் பரிசோதனையே செய்யப்படாமல், அறிகுறிகளை வைத்துச் சந்தேகிக்கப்பட்ட மரணங்களையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்தது. அதனால் மக்கள்தொகை விகிதத்தில் உலகப் பட்டியலின் உச்சியில் வந்து நின்று, மோசமான நாடு என்று பெயரும் வாங்கியது. நேர்மையாக எண்ணியதற்குக் கிடைத்த பெயர் அது. நாடுகளைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல் எதைப் பார்த்தாலும், ஒவ்வொரு நாடும் எந்த விதியில் எண்ணியது என்று கேட்காமல் அதை நம்பாதீர்கள்.

பின்னால் திருத்தப்பட்ட எண்களும் உண்டு. 2020 ஏப்ரல் 17 அன்று சீனாவின் வூஹான் நகரம் தன் எண்ணிக்கையில் 1,290 பேரைச் சேர்த்தது. 2,579 என்று இருந்தது 3,869 ஆனது. அதே வாரத்தில் நியூயார்க் நகரம், பரிசோதனை இல்லாவிட்டாலும் சான்றில் கோவிட் என்று எழுதப்பட்டிருந்த 3,700-க்கும் மேற்பட்ட மரணங்களைத் தனி வரிசையாக வெளியிட்டது. எல்லாவற்றையும்விடப் பெரிய திருத்தம் பெரு நாட்டுடையது. 2021 மே மாத இறுதியில், நிபுணர் குழு ஒன்று 7 அளவுகோல்களை வகுத்து மறுபடி எண்ணியது. ஆய்வக முடிவோடு நில்லாமல் எக்ஸ்ரே, சி.டி. படங்கள், நோயாளியோடு தொடர்பு, அறிகுறிகள், இறப்புச் சான்றில் உள்ள காரணம் எல்லாவற்றையும் பார்த்தது. 69,342 என்றிருந்த எண் 1,80,764 ஆனது. அதுவரை யாரும் புதைகுழிகளை ஒளித்துவைத்திருக்கவில்லை. இறப்புப் பதிவேட்டில் அந்த மரணங்கள் முன்பே இருந்தன. தினசரிப் பட்டியலின் விதிதான் அவர்களை உள்ளே விடவில்லை.

தினசரி எண்ணைப் படிக்கும்போது தேதியையும் கவனிக்க வேண்டும். 'இன்று 300 பேர் பலி' என்றால், இன்று அறிவிக்கப்பட்டவர்கள் 300 பேர் என்றுதான் பொருள். அவர்களில் சிலர் நேற்று இறந்திருப்பார்கள், சிலர் மூன்று வாரத்துக்கு முன்பு. வார இறுதியில் அலுவலர்கள் குறைவு என்பதால் ஞாயிறு, திங்களில் எண் தாழ்ந்து, செவ்வாய், புதனில் எகிறும். இறந்த தேதிவாரியாக வரையும் வரைபடத்தில் இன்னொரு பொறி உண்டு. கடைசி இரண்டு மூன்று வாரங்கள் எப்போதும் சரிந்துபோய்த் தெரியும். அந்த வாரங்களின் மரணங்கள் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். பெருந்தொற்று முழுவதும், 'அலை இறங்கிவிட்டது' என்று இந்தச் சரிவைக் காட்டிப் பலர் எழுதினார்கள். கடைசி மூன்று வாரங்களை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள்.

இரண்டாவது கணக்கு, சான்றிலிருந்து வருவது. உங்கள் கேள்வியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

மரணத்துக்கான மருத்துவச் சான்றின் படிவம் உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் நான்கு வரிகள். மேல் வரியில், உயிரை நேரடியாகப் பறித்த நிலை. அது எதனால் வந்தது என்று அடுத்த வரி. அது எதனால் என்று அதற்கடுத்த வரி. இப்படி இறங்கிக்கொண்டே போய், எந்த நோயில் இந்தச் சங்கிலி தொடங்கியதோ, அதைக் கடைசியாக எழுத வேண்டும். அந்தக் கடைசி வரிக்குப் பெயர் அடிப்படைக் காரணம். நாட்டின் புள்ளிவிவரத்தில் ஏறுவது அந்த ஒன்றுதான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அந்த நிலை தொடங்கியதிலிருந்து மரணம் வரை எவ்வளவு காலம் என்று எழுத ஒரு கட்டம் இருக்கும். இரண்டாம் பகுதியில், சங்கிலியில் நேரடியாக இல்லாவிட்டாலும் மரணத்துக்குத் துணைபோன மற்ற நோய்களை எழுத வேண்டும்.

உங்கள் அம்மாவின் சான்று இப்படி இருந்திருக்க வேண்டும் (இடைப்பட்ட நாள்களை மருத்துவப் பதிவேட்டைப் பார்த்துத்தான் சரியாக நிரப்ப முடியும்):

பகுதி 1
அ. கடும் சுவாசத் திணறல் நோய்க்குறி – 6 நாள்
ஆ. நிமோனியா – சுமார் 2 வாரம்
இ. கோவிட்-19, பரிசோதனையில் உறுதி – 21 நாள்
பகுதி 2
சர்க்கரை நோய் – 16 ஆண்டு. உயர் ரத்த அழுத்தம்

கால அளவுக் கட்டத்தைப் பாருங்கள். கீழே போகப்போக நாள் கூடிக்கொண்டே போகிறது. அப்படித்தான் போக வேண்டும். மேல் வரியில் 20 நாள், கீழ் வரியில் 5 நாள் என்றிருந்தால், காரணத்துக்கு முன்பே விளைவு வந்துவிட்டது என்று ஆகும். சான்று தப்பாக எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

'இதயமும் சுவாசமும் நின்றுவிட்டன' என்பது மரணத்துக்குக் காரணமே அல்ல. இறக்கும் எல்லோருக்கும் அவை நிற்கத்தான் செய்யும். அது எப்படி இறந்தார் என்று சொல்கிறதே தவிர, எதனால் இறந்தார் என்று சொல்லவில்லை. இப்படி எழுதக் கூடாது என்று மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள், படிவத்திலேயே அச்சடித்தும் வைத்திருக்கிறார்கள். இருந்தும் நள்ளிரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர், அன்றைய நான்காவது சான்றை எழுதும்போது கைக்கு வருவது இந்த வரிதான். பெரும்பாலான நேரம் இதற்குப் பின்னால் சதி ஏதும் இருக்காது. பயிற்சிக் குறைவும் களைப்பும்தான் இருக்கும். ஆனால் விளைவு ஒன்றுதான். சான்று, இறப்புக் காரணத்துக்குக் குறியீடு போடும் குறியீட்டாளரிடம் போகும்போது, எழுதியிருப்பதை மட்டுமே அவர் பார்க்க முடியும். தானாகக் கோவிட் என்று சேர்க்க அவருக்கு அதிகாரம் இல்லை. அந்த மரணம் 'தெளிவற்ற காரணம்' என்ற குவியலில் போய் விழும்.

குறியீடு என்று சொன்னேனே, அது நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டில் உள்ள எழுத்தும் எண்ணும். ஆய்வகத்தில் உறுதியான கோவிடுக்கு யு07.1. பரிசோதனை இல்லை, ஆனால் மருத்துவர் அறிகுறிகளை வைத்துக் கோவிட் என்று முடிவு செய்தார் என்றால் யு07.2. ஆக, 'டெஸ்ட் எடுக்கவில்லை, அதனால் எழுத முடியாது' என்று ஒரு மருத்துவர் சொன்னால் அது சரியல்ல. பரிசோதனை இல்லாத மரணத்துக்கென்றே ஒரு குறியீடு இருக்கிறது. 2020 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னொன்றையும் தெளிவாக்கியது: கோவிட் வேறொரு நோயின் விளைவு என்று கொள்ளக் கூடாது. 'சர்க்கரை நோயால் கோவிட் வந்தது' என்று மருத்துவர் எழுதினாலும், குறியீட்டாளர் அடிப்படைக் காரணமாகக் கோவிடைத்தான் எடுப்பார். சர்க்கரை நோய் உடலைப் பலவீனப்படுத்தியிருக்கலாம். ஆனால் 16 ஆண்டுகள் அதோடு வாழ்ந்த ஒருவர் அந்த 21 நாளில் இறந்ததற்குச் சர்க்கரை நோய் விளக்கம் ஆகாது.

எதிர்த் திசையிலும் விதி அதே கறாரோடுதான் இருக்கிறது. சாலை விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தவருக்குப் பரிசோதனையில் கோவிட் தெரியவந்தால், அடிப்படைக் காரணம் விபத்து. மாரடைப்பு வந்து இதயம் செயலிழந்து இறந்தவருக்குத் தொற்றும் இருந்தது என்றால், மருத்துவரின் முடிவில் இரண்டுக்கும் தொடர்பில்லை எனில், மாரடைப்பு முதல் பகுதியிலும் கோவிட் இரண்டாம் பகுதியிலும் வரும். அது கோவிட் மரணமாக எண்ணப்படாது. 'கோவிடால் இறந்தவர்', 'கோவிடோடு இறந்தவர்' என்று ஊரே பேசிய வேறுபாட்டைச் சான்றின் இந்த இரண்டு பகுதிகள்தான் பிரிக்கின்றன.

இதைப் புரிந்துகொள்ளாததால் 2020 ஆகஸ்டில் பெரிய குழப்பம் நடந்தது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் வெளியிட்ட அட்டவணையில், கோவிட் மரணச் சான்றுகளில் 6 சதவீதத்தில் மட்டுமே கோவிட் தவிர வேறு எதுவும் எழுதப்படவில்லை என்று இருந்தது. 'உண்மையில் கோவிடால் இறந்தவர்கள் 6 சதவீதம்தான்' என்று சமூக ஊடகங்களில் அது பரவியது. மேலே உள்ள சான்றை மறுபடி பாருங்கள். சரியாக எழுதப்பட்ட சான்றில் நிமோனியாவும் சுவாசத் திணறலும் இருந்தே தீரும், ஏனென்றால் கோவிட் கொல்லும் வழியே அவைதான். கோவிட் என்ற ஒரே சொல்லோடு நிற்கும் சான்று பெரும்பாலும் அரைகுறையாக நிரப்பப்பட்ட சான்று.

சான்றுக் கணக்கு தினசரிப் பட்டியலைவிட எவ்வளவு வேறுபடலாம் என்பதற்கு ரஷ்யா ஓர் எடுத்துக்காட்டு. 2020 முடிவில் தினசரி அறிக்கையின் மொத்தம் சுமார் 57,000. அதே ஆண்டுக்கு அந்நாட்டின் புள்ளிவிவர அமைப்பு சான்றுகளைப் பார்த்து, கோவிட் முதன்மைக் காரணமானவை, சந்தேகத்துக்குரியவை, துணைக் காரணமானவை, தொற்று இருந்தும் பங்கில்லாதவை என்று நான்கு வகையாகப் பிரித்து வெளியிட்டதன் மொத்தம் 1,62,000-க்கும் மேல். இரண்டும் அரசு எண்கள்தான். இப்படி வகை பிரித்து வெளியிடுவதே நல்ல முறை என்பது என் கருத்து. படிப்பவர் தனக்கு எந்த வரையறை வேண்டுமோ அதைக் கூட்டிக்கொள்ளலாம்.

சான்றுக் கணக்கின் குறை, தாமதம். காரணவாரியான எண்கள் வரப் பல மாதங்கள் ஆகும், சில நாடுகளில் ஆண்டுகள். அதைவிடப் பெரிய குறை, உலகின் பெரும்பகுதியில் மருத்துவச் சான்றே இல்லாமல் ஆட்கள் அடக்கமாகிறார்கள். உலக அளவில் 10 மரணங்களில் 4 பதிவாவதே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் மதிப்பிட்டது. ஆப்பிரிக்கப் பகுதியில் பதிவாவது 10-இல் 1 மட்டும். அங்கெல்லாம் பயிற்சி பெற்ற களப்பணியாளர் வீட்டுக்குப் போய், எத்தனை நாள் காய்ச்சல், மூச்சு வாங்கியதா, இருமல் இருந்ததா என்று வரிசையாகக் கேட்டு, பதில்களிலிருந்து காரணத்தை ஊகிக்கும் முறையைப் பயன்படுத்துகிறார்கள். மற்ற நிமோனியாவையும் கோவிடையும் அதில் பிரித்தறிவது கடினம். ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

மூன்றாவது, கூடுதல் இறப்பு. இந்த முறையில் யாருடைய சான்றையும் பார்க்க மாட்டார்கள். வழக்கமாக இந்த மாதத்தில் எத்தனை பேர் இறப்பார்கள், இப்போது எத்தனை பேர் இறந்திருக்கிறார்கள், வித்தியாசம் எவ்வளவு? லண்டனில் 1847 இன்ஃப்ளூயன்சாவின்போதே புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் இப்படிக் கணக்குப் போட்டார். பரிசோதனை, வரையறை, மருத்துவரின் கையெழுத்து எதையும் சார்ந்திராதது இதன் பலம். 2009 பன்றிக் காய்ச்சலில் ஆய்வகத்தில் உறுதியான மரணங்கள் உலகில் சுமார் 18,500 மட்டும். பின்னர் வந்த மதிப்பீடு, முதல் ஓராண்டில் 1,51,700 முதல் 5,75,400 வரை என்றது. உறுதியானதை மட்டும் எண்ணினால் எவ்வளவு தவறும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் இந்தக் கழித்தல் பார்ப்பதற்கு எளிதாக இருக்கிறதே தவிர, தவறு நுழைய இடம் நிறைய. கற்பனையான ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2015 முதல் 2019 வரை ஒரு குறிப்பிட்ட மாதத்தில் பதிவான மரணங்களின் சராசரி 1,000. 2020-இல் அதே மாதம் பதிவானவை 1,450. கூடுதல் 450 என்று சொல்லிவிடலாமா?

முதல் தவறு: மக்கள்தொகையும் முதியோரும் கூடுவதால் மரணங்கள் ஆண்டுக்கு 2 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டுச் சராசரி 2017-ஐத்தான் காட்டுகிறது, அதற்கும் 2020-க்கும் மூன்றாண்டு இடைவெளி. எதிர்பார்க்க வேண்டியது 1,060. கூடுதல் 390 ஆகக் குறைகிறது. இரண்டாவது தவறு எதிர்த் திசையில் இழுக்கும். அந்த மாவட்டத்தில் முன்பு 100 மரணங்களில் 80 பதிவாகின, ஊரடங்கில் அலுவலகம் மூடிக்கிடந்ததால் 70-தான் பதிவானது என்றால்? வழக்கமான உண்மை எண் 1,060-ஐ 0.8-ஆல் வகுக்க 1,325. அந்த மாதத்தின் உண்மை எண் 1,450-ஐ 0.7-ஆல் வகுக்க 2,071. கூடுதல் 746. பதிவேட்டில் ஒரு எண்கூட மாறவில்லை, 450 என்று தொடங்கியது 390 ஆகி, 746-இல் வந்து நிற்கிறது. பதிவு எந்த அளவு முழுமையாக நடக்கிறது என்று சொல்லாமல் கூடுதல் இறப்பு எண்ணைத் தருபவரை நான் நம்ப மாட்டேன்.

சிறிய தவறுகளும் உண்டு. பெருந்தொற்று ஆண்டையே அடிப்படை ஆண்டுகளில் சேர்த்துவிட்டால், எதிர்பார்ப்பு வீங்கிக் கூடுதல் சுருங்கும். மரணம் குறைந்த வாரங்களைச் சுழியம் என்று வைத்து, கூடிய வாரங்களை மட்டும் கூட்டினால் மொத்தம் வீங்கும்.

கூடுதல் இறப்பு முழுவதும் கோவிட் மரணம் என்றும் சொல்ல முடியாது. கணக்கில் வராத கோவிட் மரணங்களோடு, படுக்கை கிடைக்காமல் இறந்த மாரடைப்பு நோயாளியும், டயாலிசிஸ் தடைப்பட்டவரும் அதில் இருப்பார்கள். மறுபக்கம், வாகனங்கள் ஓடாததால் தப்பியவர்கள் கழிக்கப்பட்டிருப்பார்கள். நியூசிலாந்தில் 2020-இல் வழக்கத்தைவிடக் குறைவான பேர் இறந்தார்கள். எல்லைகளை மூடியதில் கோவிடோடு குளிர்காலக் காய்ச்சலும் உள்ளே வரவில்லை.

2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 1 கோடியே 49 லட்சம் கூடுதல் இறப்புகள். 1 கோடியே 33 லட்சத்திலிருந்து 1 கோடியே 66 லட்சம் வரை இருக்கலாம் என்று வரம்பும் கொடுத்தார்கள். அதே காலத்தில் நாடுகள் அறிவித்த கோவிட் மரணங்கள் சுமார் 54 லட்சம். பல நாடுகளில் மாதவாரி இறப்புத் தரவே இல்லாததால், அந்த இடங்களைக் கணித மாதிரிகள் தரும் மதிப்பீட்டால் நிரப்பினார்கள். அதனால்தான் வரம்பு அவ்வளவு அகலம்.

இப்போது உங்கள் உறவினர்களிடம் வருவோம். 'எதில் செத்தாலும் கொரோனா என்று எழுதினார்கள்' என்பதற்கு ஆதாரமாகச் சில இடங்கள் உண்டு, 2020 ஆகஸ்டுக்கு முந்தைய இங்கிலாந்துப் பட்டியலைப்போல. ஆனால் அது உலகம் முழுவதும் நடந்திருந்தால், அறிவிக்கப்பட்ட கோவிட் மரணங்கள் கூடுதல் இறப்புகளைவிட அதிகமாக இருக்க வேண்டும். வேறு காரணத்தால் எப்படியும் இறந்திருக்கக்கூடியவர்களின் சான்றில் பெயரை மட்டும் மாற்றினால் மொத்த இறப்பு ஏறாது. ஆனால் மொத்தம் ஏறியது, அதுவும் அறிவித்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. எனவே குறைத்து எண்ணப்பட்டது என்ற பக்கம்தான் உண்மைக்கு நெருக்கம். 'மறைத்தார்கள்' என்ற சொல்லை மட்டும் எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. சில அரசுகள் வரையறையை வேண்டுமென்றே இறுக்கின. பல இடங்களில் பரிசோதனை இல்லை, மருத்துவர் இல்லை, பதிவே இல்லை. உங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததுபோல், எல்லாம் இருந்தும் ஒரு வரி தவறாக எழுதப்பட்டதும் உண்டு.

அந்த ஒரு வரியைத் திருத்த முடியும். விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும் ஒழுங்கு ஒன்றுதான். முதலில் உங்கள் கையில் இருப்பது எந்தத் தாள் என்று பாருங்கள். பதிவாளர் தரும் இறப்புச் சான்றிதழில் பல நாடுகளில் காரணம் அச்சாகாது. காரணம் இருப்பது மருத்துவர் கையெழுத்திட்ட மருத்துவச் சான்றில். நீங்கள் சொல்லும் வரி அதில்தான் இருக்க வேண்டும். அதன் நகலையும் சிகிச்சைச் சுருக்கத்தையும் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். பாசிட்டிவ் வந்த முதல் பரிசோதனை முடிவு, நெஞ்சு சி.டி. அல்லது எக்ஸ்ரே அறிக்கை, வென்டிலேட்டரில் வைத்த தேதி ஆகிய மூன்றும் கைவசம் இருக்கட்டும். கடைசி நெகட்டிவ் முடிவையும் சேர்த்தே வையுங்கள். அதை மறைத்தால் விண்ணப்பத்தின் மீது சந்தேகம் வரும், இணைத்தால் ஒன்றும் கெடாது.

விண்ணப்பம் போக வேண்டிய இடம் சான்றில் கையெழுத்திட்ட மருத்துவர், அவர் இல்லையென்றால் அந்தத் துறைத் தலைவர். பதிவாளரிடம் நேராகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார், ஏனென்றால் மருத்துவக் காரணத்தை மாற்ற அவருக்கு உரிமை இல்லை. 'கோவிட் என்று எழுதுங்கள்' என்று கேட்காதீர்கள். 'இதயமும் சுவாசமும் நின்றன என்பது மரணத்தின் விதம் மட்டுமே. அதற்கு வழிவகுத்த நோய்களை வரிசையாகவும் கால அளவோடும் நிரப்பித் திருத்திய சான்று தரவும்' என்று கேளுங்கள். முதலாவது ஒரு முடிவைக் கோருகிறது, மருத்துவர் தற்காப்புக்குப் போய்விடுவார். இரண்டாவது, அவர் விட்டுப்போன வேலையைச் சுட்டுகிறது. வரிசையை ஒழுங்காக எழுதத் தொடங்கினால் கடைசி வரியில் கோவிட் தானாக வந்து நிற்கும்.

திருத்திய சான்று கிடைத்ததும் மருத்துவமனையே பதிவாளருக்கு அனுப்புகிறதா, நீங்கள் கொண்டுபோக வேண்டுமா என்று கேட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இத்தோடு பதிவுக் கணக்கு சரியாகும். தினசரிப் பட்டியல் தானாகச் சரியாகாது. அது வேறு அலுவலகம், வேறு தரவுத்தளம். திருத்திய சான்றின் நகலை இணைத்து மாவட்ட சுகாதார அலுவலகத்தின் நோய்க் கண்காணிப்புப் பிரிவுக்குத் தனியாக எழுத வேண்டும். உங்கள் நாட்டில் கோவிட் மரணத்துக்கு நிவாரணமோ, காப்பீட்டுத் தொகையோ இருந்தால், அவர்கள் பார்ப்பது இந்த இரண்டில் எதை என்று முன்கூட்டியே விசாரித்து, அந்தத் திருத்தத்தை முதலில் முடியுங்கள். அதற்கான விண்ணப்பக் கெடு திருத்தம் கிடைக்கும்வரை காத்திருக்காது. திருத்தம் கோரிய கடிதத்தின் ஒப்புகையை இணைத்து நிவாரண விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிடுங்கள்.